கார் இல்லாதவர்களுக்கு இரண்டு நாள் மெட்ராஸ்

"சுபா, கார் இல்லாதவங்க மெட்ராஸுல எங்கல்லாம் போய்ப் பாக்க முடியும்?"

மாலா அண்ணி இதைக் கேட்டபோது நாங்கள் இருவரும் வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தோம். முந்தின நாள் அவள் ஃபோனில் ஒரு வீடியோ பார்த்திருந்தாள். ஒரு கணவனும் மனைவியும் இரண்டு நாளில் மெட்ராஸைச் சுற்றிக் காட்டும் வீடியோ. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு இடத்திலும் காரிலிருந்து இறங்கினாள், பார்த்து முடித்ததும் அதே காரில் ஏறிக்கொண்டாள். எங்கள் வீட்டில் கார் இல்லை. பைக்கும் இல்லை. என் அண்ணன் மோகன் வேலை செய்வது ஃபைபர் போட்டில், அது தரையில் ஓடாது.

"எல்லா எடத்துக்கும் ரயில் இருக்குது அண்ணி," என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பத்தாவது முடித்துவிட்டுப் பதினொன்றாம் வகுப்புக்குப் பொன்னேரிக்குப் போய்வந்தவள் நான். சில மாதம்தான் போனேன். வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் என் தொண்டை பூட்டிக்கொள்ளும். பூட்டினால் அன்றைக்கு முழுதும் திறக்காது. ஒரு நாள் போகாமல் நின்றேன், அப்படியே நின்றுவிட்டேன். ஆனால் பழவேற்காட்டிலிருந்து எந்த பஸ் எப்போது கிளம்பும், பொன்னேரி ஸ்டேஷனில் எந்தப் பக்கம் நின்றால் மெட்ராஸ் ரயில், எந்தப் பக்கம் நின்றால் கும்மிடிப்பூண்டி ரயில் என்பதெல்லாம் மறக்கவில்லை. அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது அதுதான்.

அண்ணி சுண்ணாம்புக்குளத்துப் பெண். போன வருடம் கல்யாணமாகி எங்கள் குப்பத்துக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து அண்ணனோடு தனியாக எங்கும் போனதில்லை. கோயிலுக்குப் போனால் அம்மா கூடப் போனாள், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் நாங்கள் எல்லோரும் போனோம். வீட்டிலும் தனிமை கிடையாது. அவர்கள் படுக்கும் அறைக்கும் நானும் அம்மாவும் படுக்கும் கூடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு தகரத் தடுப்பு. அம்மா திரும்பிப் படுத்தால் அந்தப் பக்கம் தெரியும். அவர்கள் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும்.

"ரெண்டே நாளு," என்று அண்ணி அண்ணனிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "நீயும் நானும் மட்டும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"போலாமே," என்றான் அண்ணன். அவன் குரலில் சிரிப்பு இருந்தது. "சுபாவைக் கேளு, அதுக்குத்தான் பஸ்ஸு ரயிலெல்லாம் தெரியும்."

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அண்ணி வேண்டாம் என்று சொன்னவை முதலில் தெளிவாயின. கடற்கரை வேண்டாம். மீன் வேண்டாம். கோயில் வேண்டாம். சொந்தக்காரர் வீடு கண்டிப்பாக வேண்டாம். வேண்டும் என்று சொன்னவை கொஞ்சம்தான். பூமிக்கடியில் ஓடும் ரயில். தானாக மேலே போகும் படிக்கட்டு. உட்கார்ந்த இடத்துக்குத் தோசை வந்து, சாப்பிட்ட தட்டை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டு போகும் ஹோட்டல். ஏசி தியேட்டரில் ஒரு படம். அப்புறம் யாருக்கும் இவர்களைத் தெரியாத ஒரு தெருவில் கொஞ்ச நேரம் நடப்பது.

"அந்தத் தெரு எந்தத் தெரு அண்ணி?"

"எதுவா இருந்தா இன்னா? நம்மளப் பாத்து 'யாரு வீட்டு மருமவ'ன்னு யாரும் கேக்காத தெரு."

நான் வழியைக் கட்டினேன். குப்பத்திலிருந்து தீனாவின் ஷேர் ஆட்டோவில் பழவேற்காடு. அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி. பொன்னேரியில் ரயில் ஏறினால் நேராக சென்ட்ரல். எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் லாட்ஜ். அங்கே தங்கினால் மியூசியத்துக்கு நடந்தே போகலாம். அது வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்று பார்த்து வைத்தேன். எழும்பூரிலிருந்து மெட்ரோ ஏறினால் பாதி தூரம் பூமிக்கடியில் போய், அப்புறம் வெளியே வந்து மாடி வீடுகளின் உயரத்துக்கு ஏறி, வடபழனியில் இறக்கிவிடும். தியேட்டர் அங்கேயே பக்கம். அண்ணி கேட்டதெல்லாம் ஒரே ரயில் பாதையில் வந்து விழுந்தது. ஆட்டோவே வேண்டாம். எனக்கு இருந்த சந்தோஷத்தில் இறால் ஓட்டைச் சட்டியிலும் இறாலைக் குப்பையிலும் போட்டுவிட்டேன்.

"பரோட்டா கெடைக்குமா பாரு சுபா," என்றான் அண்ணன். "எழும்பூர்ல கொத்து பரோட்டா நல்லா இருக்குமாம்."

"அண்ணி தோசை கேக்குது."

"அவளுக்குத் தோசை. எனக்கு பரோட்டா. ஒரே டேபிள்ல ஒக்காந்து ரெண்டும் சாப்புடக் கூடாதுன்னு சட்டமா?"

அவன் இதற்கென்று ஒரு சட்டை வாங்கினான். இளநீல நிறம். மடிப்புக் கலையாமல் அட்டையோடு வைத்திருந்தான்.

லாட்ஜுக்கு ஃபோன் செய்வதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. நம்பரைப் போட்டேன். ஒரு ஆள் "சொல்லுங்க," என்றான். என் தொண்டை பூட்டிக்கொண்டது. "ஹலோ, சொல்லுங்கம்மா," என்றான் மறுபடியும். அண்ணி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ரூமு வேணும்ங்க. ரெண்டு பேருக்கு. நானும் எங்க வீட்டுக்காரரும்."

"ஆதார் ரெண்டு பேரோடதும் வேணும்."

"என்னோடதுல எங்க நைனா பேரும் ஊரும்தான் இருக்குது. இன்னும் மாத்தல."

"கல்யாண ஃபோட்டோ ஃபோன்ல இருந்தா வெச்சுக்குங்க, போதும்."

"ஃபேனு சத்தம் போடுமா?"

"சத்தமே போடாதும்மா."

"அய்யோ, கொஞ்சம் சத்தம் போட்டாப் பரவால்ல," என்றாள் அண்ணி. வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வெளியே வலை பின்னிக்கொண்டிருந்த அம்மா, "இன்னாடி கூத்து அங்க?" என்று கேட்டாள். பயணத்தைப் பற்றி அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கிளம்புவதற்கு முந்தின நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

இனிமேல் நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

அண்ணன் எங்கள் பெரியப்பா தேவேந்திரனின் போட்டில் கடலுக்குப் போகிறான். நாலு பேர் போக வேண்டிய போட்டு. ஒருவன் வராவிட்டால் மற்ற மூவரும் வீட்டில் உட்கார வேண்டும். அதனால் கடல் நன்றாக இருக்கும் நாளில் லீவு கேட்க வாயே வராது. காற்றுக் காலத்தில் போகலாம் என்றால் அப்போது கையில் ஒன்றும் இருக்காது. நான் ஒரு நாளைச் சொல்வேன், அண்ணன் இல்லை என்பான். இன்னொன்றைச் சொல்வேன், தலையைச் சொறிவான். இப்படியே மாதம் போனது. அண்ணி லாட்ஜ்காரனுக்கு மூன்று முறை நாளை மாற்றிச் சொல்லிவிட்டாள். இவள் குரலைக் கேட்டால் அவனுக்கு அடையாளம் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது.

கடைசியில் போட்டின் இன்ஜின் பழுதாகிவிட்டது. கழற்றிப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோனார்கள், வர சில நாளாகும் என்றார்கள். ஊரில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் அண்ணியும் மட்டும் உள்ளே போய்ச் சிரித்தோம். ஆனால் பார்த்தால், அந்த நாட்களுக்கு நடுவில் அண்ணனுடைய பாடு வந்து உட்கார்ந்திருந்தது.

பழவேற்காட்டு ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் எங்கள் ஆட்கள் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அப்பா இறந்த பிறகு அவருடைய பாடு அண்ணனுக்கு வந்தது. பாடு வரும் நாளில் அவன்தான் போய் வலை கட்ட வேண்டும். போகாவிட்டால் அந்த முறை போனது போனதுதான், சுற்று முழுக்க முடிந்து திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி, இந்த மூன்றுக்கு மட்டும் தனக்குப் பதிலாக வேறு ஆளை நிறுத்தலாம். விழுந்த இறால் முறைக்காரன் வீட்டுக்கே வரும். ஆனால் ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று காரணத்தைச் சொல்ல வேண்டும். கூட்டத்தின் தலைவர் பெரியப்பாதான்.

"நேராச் சொல்லு," என்றாள் அண்ணி. "பொண்டாட்டியோட ஊருக்குப் போறேன்னு சொல்லு. உன் மாமா சகாதேவன் உனக்காக வலை கட்ட மாட்டாரா?"

"மாமா கட்டுவாரு. ஊரு ஒத்துக்கணுமே." அண்ணன் காதைத் தடவிக்கொண்டான். "உதயகுமாரை இன்னான்னு கூப்புடறாங்க, தெரியும்ல?"

உதயகுமார் இரண்டு வருடத்துக்கு முன்னால் மனைவியை ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். இன்றைக்கும் அவனுக்கு ஊட்டி என்றுதான் பெயர். "டேய் ஊட்டி, வலைய இழுடா, குளிருதா?" என்பார்கள். அவன் குழந்தையை 'ஊட்டி பாப்பா' என்பார்கள்.

"கூப்ட்டா கூப்டட்டும். காதுல ஓட்டையா வுழுந்துடப் போவுது?" என்றாள் அண்ணி.

அண்ணன் கூட்டத்துக்குப் போனான். பெண்கள் அங்கே போவதில்லை. அவன் திரும்பி வந்து, "முடிஞ்சுது, போலாம்," என்று மட்டும் சொன்னான். அந்தச் சந்தோஷத்தில் அண்ணி அன்றைக்கு மீன் குழம்பில் உப்பே போடவில்லை. ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சகாதேவன் மாமா வாசலுக்கு வந்தார். அம்மா வலையும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. பாட்டை நான் பாத்துக்கறேன். பசங்க நல்லபடியா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரட்டும்."

"ஆஸ்பத்திரியா? யாருக்கு இன்னா?"

"ஒங்கிட்டயே சொல்லலியா? மோகன் கூட்டத்துல எழுந்து ஆஸ்பத்திரின்னான். யாருக்குன்னு பெரியவரு தேவேந்திரன் கேட்டாரு. இவன் தலையைத் தொங்கப் போட்டுக்கினு நின்னான். அப்புறம் யாரு கேப்பாங்க? கல்யாணமாகி ஒரு வருசம் ஆச்சே, எல்லாருக்கும் புரியாதா? 'நல்ல காரியம்தான், போய்ட்டு வா'ன்னு சொல்லிட்டாரு."

மாமா போன பிறகும் அம்மாவின் ஊசி ஓடவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அண்ணி அப்போது குடத்தோடு தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தாள். ஓடிப் போய் அவளைத் திரும்பக் கூட்டி வந்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. அவள் காலிக் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே ராஜாத்தி அத்தை வந்தாள். அத்தை எங்கள் அப்பாவின் தங்கை, குப்பத்தில் யாருக்குப் பிரசவம் என்றாலும் முதலில் போய் நிற்பவள்.

"இதுல வெக்கப்பட இன்னா கண்ணு இருக்குது? எழும்பூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. என் நாத்தனார் மவளுக்குப் பன்னெண்டு வருசம் இல்லாம இருந்து, அந்தம்மா கை வெச்சதும் ரெட்டப் புள்ள. ஒனக்கு மாசாமாசம் சரியா வருதா?"

அண்ணி காலிக் குடத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அத்தை என்னைப் பார்த்து, "பாவம், எவ்ளோ நாளா மனசுல வெச்சு அழுதுதோ," என்றாள்.

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அன்று பேச்சு மெல்லத்தான் இருந்தது. எனக்கு ஒரு சொல்லும் தவறவில்லை.

"நான் மலடின்னு ஊர் முன்னாடி சொல்லிட்டு வந்திருக்க."

"நான் அப்படிச் சொல்லல மாலா. ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். மீதியை அவங்களே சொல்லிக்கினாங்க."

"ஒன் வாய் எங்க போச்சு?"

"'ஜல்சாவுக்குப் போறேன், என் வலையை நீங்க கட்டுங்க'ன்னு சொல்லச் சொல்றியா? அப்புறம் ஆயுசுக்கும் நான் தலை நிமிர முடியுமா?"

"நான் குழாயாண்ட தலை நிமிர வேணாமா?"

அப்புறம் அண்ணன், "போறது போறோம்தானே? அதுதான வேணும் ஒனக்கு. அங்க போயிட்டா யாரு நம்மளப் பாக்கப் போறாங்க?" என்றான். அவன் அதை உண்மையாகவே நம்பிச் சொன்னான் என்றுதான் நினைக்கிறேன். நானும் நம்ப முயன்றேன். மெட்ரோ இருக்கிறது, லாட்ஜ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. கிளம்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

கிளம்புவதற்கு முன்னாலேயே எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது.

முதலில் அம்மா சொன்னாள்: "நானும் வரேன். டாக்டரு கேள்வி கேட்டா ஒங்களுக்குப் பதில் சொல்லத் தெரியுமா?" அண்ணன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் டாக்டரே இல்லை என்று சொல்ல வேண்டும். "சரிம்மா," என்றான்.

அடுத்து அத்தை வந்தாள். டாக்டரம்மாவிடம் டோக்கன் சொல்லியாகிவிட்டதாம். அத்தையும் வருகிறாளாம், அவள் வராவிட்டால் அந்த டாக்டரம்மா உள்ளே விட மாட்டாளாம். தங்குவதற்குக் காசிமேட்டில் நாத்தனார் வீடு இருக்கிறது.

"லாட்ஜு எதுக்கு?" என்றாள் அத்தை. "நம்ம ஜனம் இருக்கும்போது எவனோ படுத்த மெத்தையில போய்ப் படுக்கணுமா? மாடியில எடம் இருக்குது. எல்லாரும் ஒண்ணாப் படுத்துக்கலாம்."

காசிமேடு. அங்கேயும் கடல், அங்கேயும் மீன், அங்கேயும் ஐஸ் பெட்டிகள். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் உடனே மனசுக்குள் வழியை மாற்றிக் கட்டத் தொடங்கினேன். காசிமேட்டிலிருந்து வண்ணாரப்பேட்டை மெட்ரோ தூரமில்லை. ஆஸ்பத்திரிக்கு அதில் போகலாம். சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். இறங்கிய பிறகு அம்மாவையும் அத்தையையும் எங்கேயாவது உட்கார வைத்துவிட்டு, இவர்கள் இருவரும் மட்டும் தோசை சாப்பிட்டுவிட்டு வரலாம்.

இதை அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். தைரியத்தைத் திரட்டிக்கொண்டுதான் சொன்னேன்.

"பூமிக்குள்ள போறதா? எனக்கு மூச்சு முட்டும்டி. நாலு பேரு இருக்கறோம், ஆட்டோவுல போனா வாசல்ல எறங்கலாம்."

அதுவும் போனது. தியேட்டர் தானாகவே போனது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் படம் பார்ப்பார்களா? லாட்ஜ் ரூம் வேண்டாம் என்று ஃபோனில் சொல்லும் வேலை எனக்கு வந்தது, அண்ணி ஃபோனைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். நானே பேசினேன். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. "ரூம் வேணாம்ங்க," என்றேன். "அவங்க வரல." அந்த ஆள், "மறுபடியும் நாள் மாத்தறீங்களாம்மா?" என்று கேட்டான். "இல்லீங்க, இனிமே இல்ல," என்றேன். பேச்சு நன்றாக வந்த அந்த ஒரு நாளில் எனக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

"நீ போகவே வேணாம்னு சொல்லிடேன் அண்ணி," என்றேன் அவளிடம்.

"ஏன் வேணாம்னு சொல்லணும்? நான்தான கேட்டேன்? போறேன். பஸ்ஸு ஏறுறதுக்குள்ள உங்கண்ணன் வாயைத் தொறக்கறானான்னு பாக்கறேன்."

கிளம்பும் காலையில் பைகளைத் தூக்க நானும் பழவேற்காடு வரைக்கும் போனேன். தீனாவின் ஆட்டோவிலேயே திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அண்ணன் இளநீலச் சட்டை போட்டிருந்தான். அதன் முதுகில் அட்டையின் மடிப்பு அப்படியே தெரிந்தது. அம்மா காசிமேட்டு வீட்டுக்கென்று ஒரு பெரிய பை நிறையக் கருவாடு கட்டியிருந்தாள். ஆட்டோ முழுக்க அந்த வாடைதான். அண்ணி அந்தப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தாள்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மீன் ஏலம் நடக்கும். எங்கள் குப்பத்து ஆட்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். பெரியப்பா தேவேந்திரன் நண்டுக் கூடையை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சகாதேவன் மாமா அவருக்குப் பின்னால் நின்றார். உதயகுமாரும் இருந்தான்.

"கெளம்பிட்டீங்களா? நல்லது," என்றார் பெரியப்பா. அவர் முரட்டு மனிதர், ஆனால் அன்றைக்குக் குரலை இறக்கி, உடம்பு சரியில்லாத குழந்தையிடம் பேசுவதைப் போல அண்ணியிடம் பேசினார். "மருமவளே, நீ ஒண்ணும் கவலைப்படாத. இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்குது. அடுத்த வருசம் இதே பஸ்ஸுல மூணு பேராப் போவீங்க, பாரு."

நண்டு விற்கும் பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி அண்ணியின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். பொன்னேரி பஸ் வந்து நின்றது. அத்தை ஓடிப்போய் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு உள்ளே ஏறினாள்.

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அண்ணன் பஸ்ஸைப் பார்த்தான்.

"மாமா," என்றாள் அண்ணி பெரியப்பாவிடம். "எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. நாங்க ஆஸ்பத்திரிக்குன்னு கெளம்பல. பூமிக்கடியில ரயில் ஓடுதாமே, அதுல போகணும்னு நான் கேட்டேன். ரெண்டு நாளு இவரும் நானும் ஊர் சுத்தலாம்னு இருந்தோம். இவருக்குக் கூட்டத்துல சொல்ல வெக்கமா இருந்துது. அவ்ளோதான்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவனே நிறுத்திவிட்டுத் திரும்பினான். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "அடி சக்க! டேய் ஊட்டி, ஒனக்கு ஒரு தம்பி பொறந்துட்டான்டா!"

சிரிப்பு வெடித்தது. உதயகுமார்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். "வாடா மெட்ரோ, வா வா," என்றான். ஒரு நிமிஷத்தில் அண்ணனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

பெரியப்பா சிரிக்கவில்லை.

"மோகனு, இன்னாடா சொல்லுது மருமவ?"

அண்ணன் பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"கூட்டத்துல எழுந்து நின்னு நீதான சொன்ன? ஊரு ஒன்னைக் கேள்வி கேட்டுச்சா? நம்பி வுட்டுதா இல்லியா?" பெரியப்பாவின் குரல் பழையபடி ஏறிவிட்டது. "சகாதேவா, நீ ஏரிக்குப் போவ வேணாம். அவன் பாடு, அவனே போய்க் கட்டட்டும். இல்லன்னா இந்த முறை போவட்டும். நாளைக்கு எல்லாரும் ஆஸ்பத்திரின்னு சொல்லிக்கினு சினிமாவுக்குப் போவானுங்க."

"மோகனு, இறால் வுழுற சமயம்டா," என்றாள் அம்மா. அப்புறம் அண்ணியிடம் திரும்பினாள். "இன்னா பேச்சு பேசிட்ட நீ? பஸ்ஸு ஏறுற வரைக்கும் வாய மூடிக்கினு இருக்கத் தெரியலியா?"

அண்ணியின் முகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பல நாளாக அதில் இருந்த இறுக்கம் இல்லை. லாட்ஜ்காரனிடம் ஃபேனைப் பற்றிக் கேட்ட அன்றைக்கு இருந்த முகம். அவள் அண்ணனுக்குப் பக்கத்தில் போனாள்.

"போனா போவட்டும்," என்றாள். "ஒரு முறைதான? திரும்பி வரும். இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனிமே மறைக்க இன்னா இருக்குது? அத்தைங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவட்டும். நாம போலாம் வா."

அவள் சொன்னது சரிதான். அந்த இடத்தில் நின்று நானும் அதைத்தான் நினைத்தேன். அம்மா வர வேண்டியதில்லை, அத்தை வர வேண்டியதில்லை, டாக்டர் இல்லை. நான் முதலில் கட்டிய வழி முழுதும் திரும்பக் கிடைத்துவிட்டது. இந்த பஸ்ஸைப் பிடித்தால் ரயில் கிடைக்கும். லாட்ஜில் இடம் இருக்கும், நான் மறுபடியும் பேசுவேன், எத்தனை முறை வேண்டுமானாலும் பேசுவேன். ஏறினால் போதும். கண்டக்டர் விசில் ஊதினான். அத்தை உள்ளேயிருந்து, "ஏறுறீங்களா இல்லியா? எடம் பிடிச்சு வெச்சுக்கினு நான் ஒருத்தி!" என்று கத்தினாள்.

"டேய் மெட்ரோ, வண்டி கெளம்புது பார்றா!" என்றான் யாரோ. மறுபடியும் சிரித்தார்கள்.

"அண்ணா, ஏறு," என்றேன். அத்தனை பேர் முன்னால் என் குரல் வெளியே வந்தது. அவனுக்கும் கேட்டது, என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அண்ணி கையை நீட்டினாள். அண்ணன் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றினான். ஏறப்போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். அவன் அதை அவள் கையில் கொடுக்கவில்லை, அவள் காலடியில் தரையில் வைத்தான். பெரியப்பாவைத் தாண்டி, சிரித்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, திரும்பிப் போவதற்காக நின்றிருந்த ஆட்டோவை நோக்கி நடந்தான். ஏறி உட்கார்ந்தான். தீனா ஒரு தரம் எங்களையும் ஒரு தரம் அவனையும் பார்த்தான். அண்ணன் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தீனா வண்டியைக் கிளப்பிக் குப்பத்துப் பக்கம் திருப்பினான்.